சிவப்புப் புள்ளி வைத்த ஜாடிகள்

ஜாடியைக் கலக்கக் குனிந்த செவ்வந்தியின் மடியை ஏதோ பிடித்து இழுத்தது.

சேலை எதிலோ மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பார்த்தால் மாட்டுவதற்கு அங்கே ஆணியும் இல்லை, சிராயும் இல்லை. மடியில் முடிந்து வைத்திருந்த இரும்புத் துண்டு துணியோடு முன்னால் போய், ஜாடி உட்கார்ந்திருந்த மரக்கட்டையில் டொக்கென்று ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்தாள், வரவில்லை. உள்ளே இருந்து யாரோ எதிர்ப்பக்கம் இழுப்பது போல இருந்தது. காலை ஊன்றி, இரண்டு கையாலும் சேலையைப் பற்றி வெடுக்கென்று பிடுங்கிய பிறகுதான் விட்டது. கையில் இருந்த மூங்கில் குச்சியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து வெயிலில் நின்றாள். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அது அவளுக்கு நாலாவது மாதம்.

அந்த இரும்பு சாதாரண இரும்பு அல்ல. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவள் அப்பன் உழுத கலப்பையின் கொழு தேய்ந்து தேய்ந்து முறிந்தபோது விழுந்த முனை. விரல் நீளம் இருக்கும். முழுகாமல் இருக்கிற பெண் மடியில் இரும்பு வைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் காத்துக்கருப்பு அண்டாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. இரண்டாவது பிள்ளை பத்து மாதம் சுமந்து, அழாமல் பிறந்தது. இந்த முறை அவளுடைய ஆத்தா பிச்சையம்மாள் பஸ் ஏறி மண்டபத்துக்கே வந்து, கொழு முனையைத் துணியில் சுற்றி அவள் மடியில் தானே முடிந்துவிட்டுப் போனாள். குளிக்கும்போது தவிர எடுக்கக்கூடாது என்று மூன்று தடவை சொன்னாள்.

அதைத்தான் அந்த மரக்கட்டை பிடித்து இழுத்திருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஆடி மாதம். மழை இரண்டு வருடம் பொய்த்த பிறகு செவ்வந்தியும் அவள் புருசன் வேல்சாமியும் ஊரை விட்டு மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். வேல்சாமி ரயிலடியில் மூட்டை தூக்கினான். மூட்டை வருகிற அன்றைக்குத்தான் அவனுக்கு வேலை. செவ்வந்திக்குக் கிடைத்த வேலைதான் தினமும் இருந்தது. கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற ராமசுப்பிரமணியன் என்பவர் கடற்கரையை ஒட்டி ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, சொந்த ஆர்வத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிட்டார்கள். அவருக்குக் கடல்தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, காலையும் மாலையும் ஜாடிகளைக் கலக்கிவிடுவது இவை அவள் வேலை.

கண்ணாடி ஜாடிகள் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் வடிகட்டிய கடல்தண்ணீர், கொஞ்சம் உரக்கரைசல், அதில் ஒரு கரண்டி பச்சை. அந்தப் பச்சை வேறொன்றும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பாசி. ஒவ்வொரு ஜாடியும் குழி வெட்டிய ஒரு மரக்கட்டைக்குள் நாலு விரல் ஆழம் இறங்கி உட்கார்ந்திருக்கும். ஆறு கட்டைகளின் அடியில் பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து கழற்றிய காந்தங்களை சார் பதித்திருந்தார். அந்த ஆறிலும் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தார். மற்ற ஆறும் வெறும் கட்டை. காந்தம் இருந்தால் பாசி வேகமாகப் பெருகுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

பெருகினால் என்ன நடக்கும் என்பதையும் அவர் அவளிடம் சொல்லியிருந்தார். இந்தப் பச்சையை உலர்த்திப் பொடித்தால் பருப்புக்கு ஈடான சத்து. பயிர் விளையாத உவர்த்தண்ணீரிலும் இது விளையும். பிறகு மழை பொய்த்தாலும் ஜனங்கள் பட்டினி கிடக்க வேண்டாம் என்றார். சிக்கல் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். அதனால் அந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை. ஒருநாள் பூதக்கண்ணாடிக் கருவியில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பார்க்கச் சொன்னார். பச்சை மணிகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. இதுவும் உயிர்தான், ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கான உயிர், காந்தம் இதைத் தூண்டிவிடும் என்று நம்புகிறேன் என்றார் சார். அன்றைக்கு அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மடி இழுபட்ட பிறகு வேடிக்கையாக இல்லை.

வேல்சாமியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். காந்தம்னா அப்படித்தான், ரயில்வே கொல்லுப் பட்டறையில் தரையில் சிந்திய ஆணியையெல்லாம் அதை வைத்துத்தான் எடுப்பார்கள், இரும்பு எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்றான். அவன் ஆறுதலாகச் சொன்னதுதான். அவளுக்கோ அன்று சோறு இறங்கவில்லை. காவலுக்கு என்று வைத்த இரும்பையே தேடிப் பிடித்து இழுக்கிறது. காவலை இழுத்த பிறகு எதை இழுக்கும்? ஜாடிக்குள் உயிர் பெருக வேண்டும் என்றால் அந்த உயிர் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்?

இரும்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் காவல் இல்லாமல் போக வேண்டும். கொண்டுபோனால் அது இழுக்கிறது. வேலைக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எரியாது. மூன்று நாள் இதையே நினைத்து நினைத்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. காந்தத்துக்கு வேண்டியது இரும்பு. அதற்கு உரிய இரும்பை அதனிடமே கொடுத்துவிட்டால் தன் மடியை விட்டுவிடும்.

அவர்கள் குடிசைக்குப் பக்கத்துக் குடிசை சல்மாவுடையது. அதன் பின்புறம் கரையில் ஓர் உடைந்த படகு கிடந்தது. செவ்வந்தி கல்லால் தட்டித் தட்டி அதிலிருந்து துருப்பிடித்த சின்ன ஆணிகளாகப் பார்த்துப் பிடுங்கினாள். மீன் அலசிய தண்ணீரைக் கொட்ட வந்த சல்மா பார்த்துவிட்டு, "என்ன புள்ள, ஆணி சேக்குற? கப்பலா கட்டப்போற?" என்று கேட்டாள். செவ்வந்தி சிரித்து மழுப்பினாள்.

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்பே போய், சிவப்புப் புள்ளி வைத்த ஆறு ஜாடியிலும் ஜாடிக்கு மூன்று ஆணி போட்டாள். ஒவ்வொரு ஆணியும் தண்ணீரில் நேராக இறங்காமல் நடுவில் திரும்பி, அடியில் காந்தம் இருக்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணாலேயே பார்த்தாள். அது வாங்கிக்கொண்டது. குழிக்குள் மறைந்த அடிப்பாகம் என்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிறகு மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓர் எட்டுத் தள்ளி நின்று கலக்கினாள். மடியை யாரும் இழுக்கவில்லை. தள்ளி நின்றதால்தான் இழுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதுவரை இரண்டு தடவை சோதனை நடந்திருந்தது. இரண்டு தடவையும் பன்னிரண்டு ஜாடியும் ஒரே மாதிரி வெளிறிய பச்சையாகவே நின்று, சார் முகம் வாடிப்போயிருந்தது. இந்தத் தடவை ஆறாம் நாள் சிவப்புப் புள்ளி ஜாடிகள் வாழைக்குருத்து நிறத்துக்கு வந்தன. பத்தாம் நாள் முருங்கையிலை நிறம். பக்கத்தில் இருந்த ஆறும் எப்போதும் போல வெளிறியே கிடந்தன. சார் ஜாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். மேலாக உறிஞ்சி எடுத்த தண்ணீரைக் கருவியில் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அறுபது வயது மனிதர், கிட்டங்கிக்குள் இரண்டு சுற்று நடந்தார்.

செவ்வந்தி மடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் பயந்தது அப்படியே நடக்கிறது. இரும்பைத் தின்று அது கொழுக்கிறது. இரும்பு கிடைக்காமல் இருந்திருந்தால் எதைத் தின்றிருக்கும்?

பத்து நாளைக்கு ஒரு தடவை ஜாடிகளைக் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுவார்கள். கழுவுகிறவள் அவள்தான். கொட்டும்போது ஆணியை எடுத்து முந்தானையில் முடிவாள். புதுத் தண்ணீர் விட்டதும் திரும்பப் போடுவாள். இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் சிவப்புப் புள்ளி ஜாடிகளே ஜெயித்தன. சென்னையில் நடக்கிற விஞ்ஞானிகள் கூட்டத்தில் வாசிக்க சார் கட்டுரை எழுத ஆரம்பித்தார். எழுதும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே இருப்பார். தான் செய்தது சரியா தவறா என்று முதல் தடவையாக அவளுக்கு உறுத்தியது அந்தப் பாட்டைக் கேட்டுத்தான். ஜாடிக்குள் எதையும் போடக்கூடாது, கைவிரல்கூடப் படக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்.

ஆவணி கடைசியில் ஒருநாள் துணிந்து, ஒரே ஒரு ஜாடியிலிருந்து ஆணிகளை எடுத்துவிட்டாள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று மத்தியானம் தண்ணீர்க் குடத்தை இறக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் பிள்ளை கலைந்தபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. தவழாத குறையாக ஜாடியிடம் போய் மூன்று ஆணியையும் திரும்பப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது.

அதற்குப் பிறகு ஆணியை எடுக்கிற நினைப்பே அவளிடம் இல்லை. ஆணி ஜாடியில் கிடக்கிற வரைக்கும்தான் பிள்ளை வயிற்றில் கிடக்கும். அது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் கிட்டங்கி வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் செவ்வந்தி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவர் வீரபத்திரன், அவள் ஊர்க்காரர். அவள் அப்பனும் ஆத்தாவும் இன்றைக்கும் வேலை செய்கிற புஞ்சைக்குச் சொந்தக்காரர். சாரோடு கடிதத்தில் பழக்கமாம். அவளை அடையாளம் கண்டு, "நம்ம பிச்சையம்மா மகதானே? இங்கனயா இருக்க?" என்று கேட்டுவிட்டு ஜாடிகளைப் பார்க்கப் போனார்.

சார் ஒவ்வொரு ஜாடியாகக் காட்டினார். வீரபத்திரன் சிவப்புப் புள்ளி ஜாடியையும் வெறும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். செவ்வந்தி பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பேச்சு அத்தனையும் கேட்டது. கிணற்றடிப் புஞ்சை எட்டுக் குறுக்க நிலத்தில் இந்த வருடம் பருத்தியும் வேண்டாம், குதிரைவாலியும் வேண்டாம், மண்ணைத் தோண்டித் தொட்டி கட்டிவிடலாம் என்றார் வீரபத்திரன். உவர்க்கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. விதைப்பு வேலை கேட்டு வந்தவர்களுக்கு இந்த வருடம் விதைப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன், நாளைக்கே மண்வெட்டி இறக்கிவிடலாம் என்றார். சார் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிணற்றடிப் புஞ்சை என்றால் அவள் அப்பன் உழுகிற புஞ்சை. அங்கே விளைகிற குதிரைவாலியில்தான் அவர்களுக்கு வருடத்தில் ஆறு மாதம் கஞ்சி. விதைப்பு இல்லை என்று திரும்பிப் போனவர்களில் அவள் ஆத்தாவும் இருந்திருப்பாள். நாளைக்குத் தொட்டி தோண்டுவார்கள். தொட்டியில் காந்தத்தை வைப்பார்கள். அங்கே ஆணி போட யார் இருக்கிறார்கள்? ஆணி இல்லாமல் பச்சை வருமா? சாரின் முதல் இரண்டு சோதனை அவள் நினைவுக்கு வந்தது. காந்தம் அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. ஒன்றும் வரவில்லையே.

சொல்லிவிட்டால் ஆணியை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் பிள்ளை. சொல்லாவிட்டால் ஆத்தாவும் அப்பனும். பாத்திரத்தில் நிறைந்து தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது. எழுந்து பின்வாசல் வழியாகப் போனாள். கரையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சல்மாவிடம், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை நின்றபடியே சொல்லி முடித்தாள்.

சல்மா கேலி செய்யவில்லை. வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நானும் அஞ்சு பெத்தவ. அல்லா குடுத்த உசுரை ஒரு காந்தத்துண்டா எடுத்துக்கிட்டுப் போகும்?"

"அப்ப அன்னைக்கு வலிச்சதே?"

"நெறகுடத்தைத் தூக்கிட்டு நடந்தா வலிக்காம என்ன செய்யும்? எனக்கும் வலிச்சிருக்கு. போ. பயந்துக்கிட்டே போ, ஆனா போய்ச் சொல்லிரு. வண்டி கெளம்பீரும்."

வண்டி கிளம்பவில்லை. மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி முன்வாசலில் போய் நின்றாள். சார் திரும்பிப் பார்த்து, என்னம்மா என்றார்.

"சார், அந்தச் செவப்புப் புள்ளி ஜாடியில ஆணி கெடக்கு. நான்தான் போட்டேன். மூணு மூணு ஆணி. தொட்டி கட்ட வேணாம்னு அய்யாகிட்ட சொல்லுங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உள்ளே போய், முதல் ஜாடியைத் தூக்கி வாளியில் சரித்தார். பச்சைத் தண்ணீர் கொட்டி முடிந்தது. அடியில் பச்சைக் கசடுக்கு நடுவில் மூன்று ஆணிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டாவது ஜாடியைச் சரித்தார். மூன்றாவது ஜாடியைத் தொடவில்லை. எழுதி வைத்திருந்த கட்டுரை மேசை மேல் இருந்தது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீரபத்திரன்தான் பேசினார். "நல்ல வேளை, ஒரு புஞ்சையைத் தோண்டிப்போடப் பாத்தேன். படிச்சவர் நீங்க, ஒரு துருப்பிடிச்ச ஆணி உங்களை இம்புட்டு நாளா ஏமாத்திருக்கு."

வண்டி போன பிறகு, ஏன் போட்டாய் என்று சார் செவ்வந்தியிடம் கேட்டார். குரல் உயரவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மடி இழுபட்டதையும், கொழு முனையையும், போன இரண்டு பிள்ளையையும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆணியை இப்போது எடுத்துவிடாதீர்கள், மார்கழிக்குள் பிறந்துவிடும், அதுவரைக்கும் விட்டு வையுங்கள் என்று கும்பிட்டாள்.

ஆணியை எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்துப் பார்க்காமல் எனக்கு எதுவும் தெரியாது என்றார் சார். நான் கூப்பிடும்வரை நீ இங்கே வர வேண்டாம், ஜாடிகளை நானே கலக்கிக்கொள்கிறேன் என்றார். வேலை போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் வெறும் கையால் பச்சைக் கசடைத் துழாவி ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த பன்னிரண்டு நாளும் அவள் எப்படி இருந்தாள் என்பதை வேல்சாமி பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறான். நடக்க மாட்டாள். பாயில் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்தபடியே இருப்பாள். பிள்ளை அசைந்தால் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவாள். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் உதடு வெளுத்துவிடும். சல்மா கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கோடுகளையெல்லாம் எண்ணினால் உள்ளே மூணு பிள்ளை இருக்கும் போலிருக்கே என்பாள். செவ்வந்திக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் கோடுகள் கூடின.

பதின்மூன்றாம் நாள் காலை சார் அவர்கள் குடிசைக்கே வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. வந்து பார் என்று மட்டும் சொன்னார். வேல்சாமி கூட வந்தான்.

இந்தத் தடவை சார் ஜாடிகளை நாலு பாகமாகப் பிரித்து வைத்திருந்தார். காந்தம் மட்டும் இருந்தவை மூன்று, வெளிறிக் கிடந்தன. காந்தமும் ஆணியும் இல்லாதவை மூன்று, அவையும் வெளிறல். காந்தமும் ஆணியும் சேர்ந்தவை மூன்று, முருங்கையிலைப் பச்சை. கடைசி மூன்றின் அடியில் காந்தம் இல்லை, ஆணி மட்டும்தான். அவையும் அதே முருங்கையிலைப் பச்சை.

"காந்தம் எதையும் கொடுக்கவும் இல்லை, எதையும் எடுக்கவும் இல்லை," என்றார் சார். "சும்மா கிடந்திருக்கிறது. பாசிக்கு இரும்புச் சத்து வேண்டியிருந்திருக்கிறது. நான் அதைப் போட மறந்திருக்கிறேன். நீ போட்டிருக்கிறாய்."

"ஆனா மடியை இழுத்துச்சே, சார்."

"இரும்பை இழுக்கும். இரும்பை மட்டும்தான் இழுக்கும். அந்த முதல் மூன்று காந்தத்துக்கும் பன்னிரண்டு நாளாக நான் ஆணியே கொடுக்கவில்லை செவ்வந்தி. பிள்ளை அசைகிறதா?"

அவள் தலையசைத்தாள்.

பிறகு யாரும் சொல்லாமலே சிவப்புப் புள்ளி வைத்த ஒரு கட்டையின் பக்கம் போனாள். வேல்சாமி, வேணாம் புள்ள என்றான். ஓர் எட்டு வைத்தாள். இன்னும் ஓர் எட்டு. மடிக்குள் கொழு முனை நகர்ந்தது. கட்டையில் டொக்கென்று ஒட்டியது. அவள் பிடுங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒட்டியது ஒட்டியபடியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு பக்கமாகப் புரண்டு உதைத்தது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

சார் சென்னைக்கு எழுதி, தன் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிணற்றடிப் புஞ்சையில் அந்த வருடம் பிந்தித்தான் என்றாலும் குதிரைவாலி விதைத்தார்கள். பிச்சையம்மாள் விதைப்புக்குப் போனாள். மார்கழி நடுவில் செவ்வந்திக்குப் பெண் பிறந்தது. பிறந்த உடனே அழுதது. பூமயில் என்று பெயர் வைத்தார்கள். சல்மாதான் குழந்தையைக் கையில் வாங்கினாள்.

தை கடைசியில் செவ்வந்தி மறுபடியும் வேலைக்குப் போனாள். கிட்டங்கியில் இப்போது காந்தங்களை ஒரு பெட்டியில் போட்டு மூலையில் வைத்திருக்கிறார்கள். பெருக்கும்போது அந்த மூலையை மட்டும் அவள் கடைசியாகத்தான் பெருக்குவாள், பெட்டிக்கு ஓர் எட்டுத் தள்ளி நின்று. கொழு முனை இப்போது பூமயிலின் தூளிக்கு அடியில் கிடக்கிறது. சார் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. புதுத் தண்ணீர் மாற்றுகிற அன்றைக்கு மட்டும் அவர் கையை நீட்டுவார். கரையில் பொறுக்கி, கழுவி, எண்ணி வைத்த ஆணிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.